முன்கண்ணாடி வடுவும் பயிற்சிக் கண்ணாடியும்

கைத்தொழில் எதுவாயினும் அதனைக் கற்பவன் முதலிற் சில பொருள்களைக் கெடுத்தே தீரவேண்டும். தச்சன் கழிமரத்திலும், தையற்காரன் பழந்துணியிலும், கொல்லன் துருப்பிடித்த இரும்பிலும் கைபழகுவது உலக வழக்கு. ஆனால் மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியிற் கல் தெறித்து உண்டாகும் வடுவைச் செப்பனிடக் கற்க விரும்புவோனுக்கு, எதன்மீது கைபழகுவது என்னும் வினாவே முதல் தடையாய் நிற்கின்றது. புதிய கண்ணாடியோ விலை மிக்கது. பிறர் வண்டியோ பழகுதற்கு உரிய பொருளன்று. ஆதலின் பயிற்சிக்கேற்ற கண்ணாடி யாது, அதனை எங்கே பெறலாம், எவ்வாறு பயன்படுத்தலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அக்கண்ணாடியின் அமைப்பை அறிதல் வேண்டும். முன்கண்ணாடி ஒற்றைத் தகடன்று. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே, பாலிவினைல் ப்யூட்டிரால் என்னும் மெல்லிய ஏட்டை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மூன்றையும் ஒன்றாக்குகின்றனர். இதன் மூலக்கருத்துப் பிரான்சு தேசத்து எடுவார் பெனடிக்டஸ் என்பவருடையது. 1903-ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுச்சாலையிற் கீழே விழுந்த குடுவையொன்று விரிசலுற்றும் சிதறாது நின்றதென்றும், உட்புறத்தில் உலர்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் ஏடே அதற்குக் காரணமென அவர் கண்டாரென்றும் கூறுவர். 1909-ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை கோரி மனுச்செய்தார். சிறு கல் படும்போது பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே ஊறுபடும். இடையேடும் உட்தகடும் பழுதின்றி இருக்கும். செப்பனிடுதல் இயலுவது இதனாலேயே.

வடு நம் கண்ணுக்குப் புலப்படுவது ஏன்? பிளவினுட் காற்று நிறைந்திருத்தலே காரணம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றினுடையது ஏறத்தாழ 1. இவ்வேறுபாட்டால் ஒளி அங்கே தெறித்துச் சிதறுகின்றது. காற்றை உறிஞ்சி அகற்றி, கண்ணாடிக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண்ணுடைய பிசினை அழுத்தி உட்செலுத்தினால் வடு பெரிதும் மறையும். பின்னர் ஊதா கடந்த கிரணங்கள் பட்டதும் பிசின் இறுகிப் பிளவின் இரு புறங்களையும் பிணிக்கும். இறுகிய பிசினை மீண்டும் எடுத்தல் அரிது. உள்ளே தங்கிய காற்றுக்குமிழி அங்கேயே தங்கிவிடும். ஆகவே ஒரு வடுவுக்கு ஒரு தருணமே உண்டு. பயிற்சிக் கண்ணாடியின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

கிடைத்த கண்ணாடியெல்லாம் இதற்கு உதவா. வீட்டுச் சன்னலின் ஒற்றைத் தகட்டை அடித்தால் அது பெரும்பாலும் முழுதும் பிளந்துபோகும். வண்டியின் பக்கக் கண்ணாடிகளுட் பல, சூடேற்றி விரைந்து குளிர்வித்து வலுவூட்டப்பெற்றவை. கூர்முனை ஆழப் பதிந்தால் அவை ஒரே நொடியிற் சிறு துண்டுகளாய் நொறுங்கும். ஆதலின் மூலையிற் பொறித்த குறியைப் படித்துத் தெளிதல் நன்று. அமெரிக்க வண்டிகளின் முன்கண்ணாடியில் ஏ.எஸ். 1 என்னும் குறி காணப்படும். கட்டடக் கண்ணாடி வணிகரிடம் வெட்டி எஞ்சிய, ஏடு ஒட்டிய இரட்டைத் தகட்டுத் துண்டுகள் கிடைத்தால், கருவியைப் பொருத்திப் பழகும் முதற்பாடத்துக்கு அவை போதும். ஆயினும் முன்கண்ணாடியின் வளைவு அவற்றில் இல்லை.

எல்லாவற்றினும் சிறந்தது, வண்டியிலிருந்து கழற்றிக் கழிக்கப்பட்ட முன்கண்ணாடியே. ஒரு நீண்ட விரிசலுக்காக நீக்கப்பட்ட கண்ணாடியில், விரிசலுக்கு அப்பாற்பட்ட பகுதி பழுதற்றே இருக்கும். கண்ணாடி மாற்றும் பட்டறைக்கு இது சுமையேயன்றிச் செல்வமன்று. இடையேட்டைப் பிரித்தல் கடினமாதலின் ஏனைய உடைகண்ணாடியோடு இதனை எளிதிற் சேர்த்து உருக்கவும் இயலாது. எனவே பட்டறைத் தலைவரைப் பணிவுடன் கேட்பின் பெறுதல் கூடும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களிலும் தேடலாம். எங்கும் சிதைந்ததையும், ஓரத்திற் பால்போல் வெளுத்ததையும் விலக்குக. அவ்வெண்மை, ஈரம் புகுந்து ஒட்டு விட்டதன் அறிகுறியாகும்.

பெற்ற கண்ணாடியை, வண்டியில் இருக்கும் சாய்வின்படியே, மெத்தையிட்ட தாங்கியில் நிறுத்துக. கண்ணுக்குக் கவசமும் கைக்கு உறையும் அணிந்த பின்னரே சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் மெல்லத் தட்டுக. வட்டம், பிறை, விண்மீன் எனப் பல வடிவ வடுக்கள் தோன்றும். விண்மீன் வடுவின் கால்கள் மிக ஒடுங்கியவை. அவற்றின் நுனிவரை பிசினைச் செலுத்துதலே கைத்திறனுக்கு உரைகல். ஒவ்வொரு வடுவுக்கும் எண்ணிட்டு, செய்த முறையையும் விளைவையும் ஏட்டிற் குறித்துவருதல் நலம். சில வடுக்களில் வேண்டுமென்றே நீரையும் புழுதியையும் இட்டு, உலர்த்தித் தூய்மை செய்து பழகுக. சாலையில் வரும் வடுக்கள் அத்தகையனவே.

ஒன்று மறக்கலாகாது. கழிக்கப்பட்ட கண்ணாடி எவ்விறுக்கமும் இன்றி ஓய்ந்திருப்பது. வண்டியின் கண்ணாடியோ சட்டத்தில் ஒட்டப்பெற்று, வெயிலையும் அதிர்வையும் தாங்கி நிற்பது. அங்கே கவனமின்றி அழுத்தினால் வடு விரிசலாய் ஓடும். ஆதலின் பயிற்சியில் தேர்ந்தவனும் முதல் வண்டியை மெல்லவே அணுகவேண்டும்.

இத்துணை முயற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். பிரிட்டனில் வாகனங்களுக்கு நடைபெறும் ஆண்டுச் சோதனையில், ஓட்டுநருக்கு நேரேயுள்ள 290 மில்லிமீட்டர் அகலப் பகுதியில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஊறு இருப்பின், அல்லது துடைப்பான் துடைக்கும் ஏனைய பரப்பில் 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது இருப்பின், வண்டி தேறாது. ஓட்டுவோன் பார்வை அத்துணை அருமையுடையது. மேலும் இக்காலத்து வண்டிகளில் முன்கண்ணாடி கூரையின் வலிமைக்கும் துணைசெய்கின்றது. அத்தகைய பொருளிற் கைவைப்பவன் தன் பிழைகளையெல்லாம், எவரும் ஊடுருவிப் பார்க்கவேண்டாத ஒரு கண்ணாடியிலேயே செய்து முடித்துவிடுதல் கடமையாகும். பட்டறையின் பின்புறத்திற் கிடக்கும் உடைந்த கண்ணாடி, அவ்வாறு கற்பவனுக்கு ஒரு நல்லாசிரியனே என்போம்.