மூன்று நாள் தேடிய பெற்றோர்



மருதமடு அன்னையின் ஆவணித் திருவிழாவுக்குச் சென்ற உங்களில் பலர், ஒலிபெருக்கியில் இடையிடையே ஒலிக்கும் அந்த அறிவித்தலைக் கேட்டிருப்பீர்கள். ஒரு சிறுவனின் பெயர், அவன் அணிந்திருக்கும் சட்டையின் நிறம், பெற்றோர் காத்துநிற்கும் இடம். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாயின் முகத்தை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். பயத்தைவிட அதிகமாக அந்த முகத்தில் தெரிவது குற்றவுணர்வு: "நான் நல்ல தாயா?"

திருக்குடும்பமும் இதே துன்பத்தை அனுபவித்தது. பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்று திரும்பும் வழியில், பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் தவித்தார்கள் (லூக்கா 2:41-52). அவர்களைவிடச் சிறந்த பெற்றோரை எங்கே காண்போம்? ஆயினும் அவர்களும் தவறவிட்டார்கள், தேடினார்கள், கண்டடைந்த பின்னரும் மகன் கூறிய பதிலை விளங்கிக்கொள்ள இயலாமல் நின்றார்கள்.

இன்றைய பெற்றோருக்கு ஆலோசனைக்குக் குறைவில்லை. நூல்களும் கருத்தரங்குகளும் கைத்தொலைபேசிக் காணொளிகளும் குழந்தை வளர்ப்பைக் கற்பிக்கின்றன. இவற்றை முற்றாகத் தள்ளிவிடுவது அறிவுடைமை அன்று. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் நம் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழியில் வளர்ந்த சேவையினால் இன்று குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து, சிசுவின் நிறையைப் பார்த்து, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அந்த எளிய ஆலோசனை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதைச் செவிமடுப்பதும் இறைவன் தந்த அறிவுக்கு நன்றி செலுத்துவதே.

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்று நம் முன்னோர் சொன்னார்கள். பிரம்பைக் கையாளாதவர் மகனை நேசிக்காதவர் என்னும் நீதிமொழியையும் (13:24) நாம் துணைக்கு அழைத்துக்கொண்டோம். ஆனால் ஆயனின் கோல் ஆட்டை வழிநடத்தவும் ஓநாயை விரட்டவுமே தவிர, ஆட்டைக் காயப்படுத்த அன்று. அடி அச்சத்தையும் பொய்யையும் வளர்க்கிறது என்பதை இன்றைய உளவியல் நமக்குத் தெளிவுபடுத்தியுள்ளது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. இந்தப் பாடத்தை நம் வீடுகளும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ஆலோசனைக்கு எல்லைகள் உண்டு. முதலாவது எல்லை, அது மாறக்கூடியது. 1928இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் வாற்சன், பிள்ளைகளைக் கட்டியணைக்கவோ முத்தமிடவோ வேண்டாம் என்று அறிவியலின் பெயரால் எழுதினார். 1946இல் மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக் தம் நூலில் அன்பு காட்டுங்கள் என்று அதை மாற்றினார். கோடிக்கணக்கில் விற்பனையான அதே நூலின் பிற்காலப் பதிப்புகள், சிசுக்களைக் குப்புறப் படுக்கவைக்குமாறு கூறின. அவ்வாறு உறங்கும் சிசுக்களுக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நல்ல மனத்தோடு சொல்லப்பட்டதும் தவறலாம்.

இரண்டாவது எல்லையை எனக்குக் கற்பித்தவர் ஒரு மீனவர். மன்னார்க் கரையோரப் பங்கு ஒன்றில் பெற்றோருக்கான கருத்தரங்கு நடத்தினேன். தந்தை ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாவது பிள்ளையோடு உரையாட வேண்டும் என்று படித்ததை அழகாக எடுத்துரைத்தேன். முடிவில் அவர் எழுந்தார். "சுவாமி, பின்னேரம் கடலுக்குப் போனா விடியத்தான் வாறன். நான் வரேக்க பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டிடும். நீங்க சொன்ன அந்த அரை மணித்தியாலத்தை நான் எங்க தேடுறது?" அவர் கேலி செய்யவில்லை. குரல் தழுதழுத்தது. அவர் வீட்டை அறியாமலே அவருக்கு அறிவுரை கூறியிருந்தேன். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

சில வாரங்களின் பின், ஞாயிறு திருப்பலி முடிந்து கடற்கரை வழியே சென்றபோது அவரைக் கண்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அருகே அவருடைய மகன் நூலைப் பிடித்துக் கொடுத்தபடி ஏதோ கதைத்துக்கொண்டே இருந்தான். தந்தை அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். தனக்குரிய வழியை அவரே கண்டடைந்திருந்தார்.

மூன்றாவது எல்லையே பெரிது. எந்த முறையைக் கைக்கொண்டாலும் பிள்ளை நம் கையால் செய்துமுடிக்கும் பொருள் ஆகிவிடாது. தந்தையின் அலுவலில் தாம் இருக்க வேண்டியதை இயேசு பெற்றோருக்கு உணர்த்தினார். திருத்தந்தை பிரான்சிசும் 2016இல் 'அன்பின் மகிழ்ச்சி' மடலில், பிள்ளை செல்லும் ஒவ்வோர் இடத்தையும் கண்காணிக்கப் பதறுவது வளர்ப்பு ஆகாது என்றும், பொறுப்புள்ள சுதந்திரத்தில் அவர்கள் வளரத் துணைநிற்பதே தேவை என்றும் கற்பித்தார். வெளிநாட்டில் உழைக்கும் கணவரைப் பிரிந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாயே, பிள்ளை வழிதவறியதால் தூக்கமிழந்த தந்தையே, உங்கள் பிள்ளையின் ஒவ்வொரு தவறும் உங்கள் தோல்வி அன்று.

எனவே ஆலோசனையைக் கேளுங்கள்; உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று நிதானியுங்கள். நோயென்றால் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். பிள்ளைக்கு எவராலும் தீங்கு நேர்வதாக அறிந்தால், 1929 என்னும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கத்தை அழையுங்கள். கோபத்தில் தவறிழைத்தால், பிள்ளையிடமே மன்னிப்புக் கேளுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறைந்துவிடாது. இரவில் அவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதியுங்கள்.

விளங்காதவற்றை மரியா தம் உள்ளத்தில் வைத்துக் காத்தார். இயேசுவோ நாசரேத்துக்குத் திரும்பி, பெற்றோருக்குப் பணிந்து ஞானத்தில் வளர்ந்தார். மகனைத் தேடி அலைந்த அந்தத் தாய், நம் பிள்ளைகளுக்காகவும் அவர்களைத் தேடும் நமக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக. ஆமென்.