விசிறி சுற்றவில்லை; கார் கொதித்தது!

ஓடும்போது ஒழுங்காக ஓடும். நின்றால் கொதிக்கும்!

மோட்டார் கார்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. என் காருக்கும் அது வந்தது. வந்த இடம் புதுச்சேரி.

2024-ம் ஆண்டு மே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து கொண்டிருந்தோம். சுமார் 150 கிலோ மீட்டர் பயணம். முன்னால் நானும் மனைவியும். பின்னால் 5 வயது மகளும் என் அப்பாவும்.

மரக்காணம் தாண்டினோம். குறை ஒன்றும் இல்லை. கார் குதிரை போல ஓடியது.

புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தோம். ராஜீவ் காந்தி சிலை சதுக்கம் வந்தது. சிக்னலில் ஒரே நெரிசல். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. அங்குலம் அங்குலமாகத்தான் நகர முடிந்தது.

"என்னங்க, ஏ.சி. சூடா அடிக்குதே?" என்றாள் மனைவி.

"ஊரே அனலாத்தான் இருக்கு" என்றேன்.

அதுதான் நான் செய்த முதல் தப்பு!

முள் ஏறியது

5 நிமிடம்கூட ஆகவில்லை. சூட்டைக் காட்டும் முள் சரசரவென்று ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. காரின் முன்பக்கத்தில் இருந்து "புஸ்" என்று ஆவி கிளம்பியது. பதறிப்போய் ஓரம் கட்டினேன்.

அப்பா இறங்கினார். அவர் 25 ஆண்டுகள் அம்பாசிடர் ஓட்டியவர். பானெட்டைத் தூக்கினார்.

"விசிறி பெல்ட் அறுந்திருக்கும், பாருடா" என்றார். சொல்லிக்கொண்டே ரேடியேட்டர் மூடியைத் திருகக் கையை நீட்டினார்.

"பெரியவரே! கையை எடுங்க!"

ஓர் ஆட்டோ டிரைவர் போட்ட சத்தம் அது. ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். "திறந்தீங்கன்னா முகமே வெந்து போயிடும், ஐயா!"

அந்தக் குரல் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால்? நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இது பள்ளிப் பாடம். ஆனால் ரேடியேட்டர் ஒரு பிரஷர் குக்கர் மாதிரி. அழுத்தமாக மூடியிருப்பதால், சுமார் 120 டிகிரி வரைகூட உள்ளே கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே கொதித்து முகத்தில் பாயும்!

விசில் அடிக்கும் குக்கரை யாராவது திறப்பார்களா? சூடான ரேடியேட்டரும் அப்படித்தான்.

விசிறி எதற்கு?

100 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறோம். அதில் ஏறக்குறைய 30 ரூபாய்தான் காரை ஓட்டுகிறது. மீதி எல்லாம் சூடாகப் போகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியேறும். ஒரு பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

அந்தத் தண்ணீரை ஆற வைப்பதுதான் ரேடியேட்டரின் வேலை. மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும். எதிர்க்காற்று அதன் மேல் பட்டுச் சூட்டைக் கொண்டு போகும்.

கார் வேகமாகப் போனால் காற்று தானாக வருகிறது. நின்றுவிட்டால்? காற்றும் நின்றுவிடும். அப்போது கைகொடுப்பதுதான் விசிறி. வியர்த்த உடம்புக்குப் பனை ஓலை விசிறி போல!

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் "புஷ்-புஷ்" வண்டிகள் இருந்தன. துரை உட்கார்ந்திருப்பார். பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போவார். அந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. தள்ளியவர் சிந்திய வியர்வைதான் ரேடியேட்டர்!

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். அதில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். வழியில் மறுபடி ஊற்ற வேண்டும். 1900-ல் அதே நாட்டு வில்ஹெல்ம் மேபாக் ஒரு வழி கண்டார். 8,070 சின்னஞ்சிறு குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கி ரேடியேட்டர் செய்தார். மெதுவாகப் போகும்போதும் சூடு தணிய, அதன் பின்னால் ஒரு விசிறியும் வைத்தார்!

அப்பா தேடிய பெல்ட்

அம்பாசிடரில் விசிறியை என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும். என்ஜின் ஓடினால் விசிறியும் ஓடும். பெல்ட் அறுந்தால் விசிறி நிற்கும். அப்பா சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி.

1983-ல் மாருதி 800 வந்தது. அதில் விசிறிக்குத் தனி மின்சார மோட்டார். இன்றைய கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். தண்ணீர் ஏறக்குறைய 95, 100 டிகிரி ஆனதும் விசிறி தானாகச் சுற்றும். ஆறியதும் நின்றுவிடும். வீண் செலவு இல்லை.

அப்பா தேடிய பெல்ட் எங்கள் கார் விசிறியில் இல்லவே இல்லை!

மெக்கானிக் வந்தார்

ஆட்டோ டிரைவரே போன் செய்தார். முக்கால் மணி நேரத்தில் ஒரு மெக்கானிக் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"மோட்டார் போயிருக்குமா, தம்பி?" என்று கேட்டேன்.

"பார்க்காம எப்படி சார் சொல்றது? வரிசையா பார்ப்போம்" என்றார். அந்த வரிசை இதுதான்:

முதலில் தண்ணீர். கார் நன்றாக ஆறியிருந்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். கொஞ்சம்தான் குறைந்திருந்தது, ஊற்றினார். தண்ணீர் மிகவும் குறைந்தால், சூட்டை அறியும் சென்சார் தண்ணீரில் முழுகாது. சூடு தெரியாது. விசிறியும் சுற்றாது.

இரண்டாவது ஏ.சி. என்ஜினை ஓட்டி ஏ.சி.யைப் போட்டார். பெரும்பாலான கார்களில் ஏ.சி. ஓடினால் விசிறியும் சுற்ற வேண்டும். எங்கள் விசிறி அசையவில்லை. ஏ.சி.க்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றாமல் இருந்தால் சென்சார் மீதுதான் சந்தேகம்.

மூன்றாவது பியூஸ். அது நன்றாக இருந்தது. "பியூஸ் போயிருந்தா அதே ஆம்பியர்தான் போடணும், சார். பெருசா போட்டா வயர் எரியும்" என்றார்.

நான்காவது ரிலே. அது ஒரு சின்னப் பெட்டி. சிறு மின்சாரம் வந்து தட்டினால், பெரிய மின்சாரத்துக்குக் கதவு திறக்கும் காவல்காரன்! ஹாரனுக்கும் அதே ரகம் ரிலே இருந்தது. அதைப் பிடுங்கி இங்கே மாட்டினார். "டிக்" என்று சத்தம் வந்தது. விசிறி சுற்றவில்லை.

ஐந்தாவது மோட்டார். விசிறிக்கு வரும் வயரைக் கழற்றினார். பாட்டரியில் இருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தார். "விர்"ரென்று சுற்றியது விசிறி!

மோட்டார் சாகவில்லை!

களிம்பு செய்த வேலை

ரிலே நன்றாக இருக்கிறது. மோட்டாரும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவில்!

வயரை இணைக்கும் கப்ளரைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பச்சைப் பசேல் என்று களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே களிம்பு!

"கடலோர ஊர்ல இது அதிகம் சார். உப்புக் காத்து" என்றார்.

உப்புத்தாளால் தேய்த்தார். துடைத்து மாட்டினார். ஏ.சி.யைப் போட்டதும் விசிறி சுற்றியது. மகள் கைதட்டினாள்.

கூலி 300 ரூபாய். முள் சிவப்பில் நின்ற பிறகும் ஓட்டியிருந்தால், என்ஜினின் தலைப்பகுதி வளைந்து பல ஆயிரம் ரூபாய் போயிருக்கும். பார்க்காமலே மோட்டாரை மாற்றியிருந்தாலும் பணம் போயிருக்கும், விசிறி சுற்றியிருக்காது!

உங்களுக்கு நேர்ந்தால்...

முள் ஏறினால் உடனே ஏ.சி.யை அணையுங்கள். ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஜன்னல்களைத் திறந்து ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். உங்களுக்கு வியர்க்கும், ஆனால் என்ஜினின் சூடு கொஞ்சம் குறையும்.

கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரும்பு வெடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். மேலே உள்ள ரப்பர் குழாய் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

விசிறிக்குள் கையை விடவே கூடாது. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்!

அன்று இரவு கடற்கரைச் சாலைக்குப் போனோம். மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டிகள் வரக்கூடாது. காந்தி சிலை அருகே உட்கார்ந்தோம். கடல் காற்று ஜிலுஜிலு என்று வீசியது.

"ஏ.சி. சூடா அடிக்குதுன்னு அப்பவே சொன்னேனே?" என்றாள் மனைவி.

உண்மைதான். ஏ.சி.யின் சூட்டைத் தணிப்பதும் அதே விசிறிதான். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் ஏ.சி. சூடாகிறதா? விசிறி சுற்றவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். முள் ஏறுவதற்கு முன்பே கார் எங்களிடம் சொல்லிவிட்டது. அது என் மனைவிக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை!