புறநகர் ஓட்டு – 14: கழுத்துக் கட்டும் 27,674 ஓட்டும்

பரங்கிமலையின் மேலே தேவாலயம், கீழே கன்டோன்மென்ட், 1977-ல் பெயர் மாறி ஆலந்தூர் ஆன தொகுதி: இதெல்லாம் போன வாரமே ஆயிற்று. படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும்.

இந்த வாரம் ஆலந்தூரின் பாதாளச் சாக்கடையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தேன், எழுதவும் தொடங்கினேன். அதற்கு முன் பழைய தேர்தல் முடிவுகளை ஒரு தரம் சரிபார்த்துவிடுவோம் என்று நினைத்ததுதான் தப்பு. இரண்டு எண்கள் கண்ணில் பட்டன. மூன்று நாளாக வேறு வேலை ஓடவில்லை.

முதல் எண் 27,674. 1967-ல் பரங்கிமலையில் எம்.ஜி.ஆர். வென்ற வித்தியாசம். அவருக்கு 54,106, எதிர்த்து நின்ற காங்கிரஸின் டி.எல்.ரகுபதிக்கு 26,432.

அந்தத் தேர்தலின் கதை எல்லோருக்கும் தெரியும். ஜனவரி 12 மாலை, பூந்தமல்லி சாலையில் ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர்.ராதா துப்பாக்கியை எடுத்தார். எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். வாக்குப்பதிவு பிப்ரவரியில். வேட்பாளர் ஆஸ்பத்திரிப் படுக்கையில். தொகுதியில் கால் வைக்க முடியாது, மைக் பிடிக்க முடியாது. வந்ததெல்லாம் கழுத்தில் கட்டுப் போட்டபடி இருந்த ஒரு புகைப்படம்தான். அது சுவரொட்டியாகித் தமிழ்நாடு முழுக்கப் போனது.

எம்.ஜி.ஆர். முகத்தைக் காட்டினால் முப்பதாயிரம் ஓட்டு என்று அண்ணா சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பரங்கிமலைக்காரர்கள் பார்த்தது சுவரில் ஒட்டிய முகத்தை மட்டும். கணக்கில் 2,326 குறைந்தது. நேரில் வந்திருந்தால் அதுவும் நிரம்பியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

இரண்டாவது எண் அங்கேதான் காலை வாருகிறது. 1971-ல் அதே தொகுதி, அதே எம்.ஜி.ஆர்., அதே ரகுபதி. இப்போது கட்டு இல்லை, படுக்கை இல்லை. தி.மு.க. மாநிலம் முழுக்க 184 இடங்களை வாரிக்கொண்டு போன தேர்தல். எம்.ஜி.ஆர். 65,405, ரகுபதி 40,773. வித்தியாசம் 24,632. படுத்துக்கொண்டு வென்றதைவிட நடமாடி வென்றது 3,042 குறைவு!

இதை ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரி, சாக்கடை என்னாச்சு?" என்றார்.

அனுதாப ஓட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். 1984-ல் ஆண்டிபட்டியில் நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே 32,484 வித்தியாசத்தில் வென்றதையும் சேர்த்துக்கொண்டால், எம்.ஜி.ஆருக்குப் படுக்கைதான் ராசி என்று ஒரு சித்தாந்தமே கட்டலாம். நான் கட்டியும் விட்டேன். செவ்வாய்க்கிழமை இரவு அதை அருப்புக்கோட்டை வந்து இடித்தது. 1977-ல் அங்கே நல்ல உடம்போடு நின்று 29,378 வித்தியாசத்தில் வென்றிருக்கிறார். சித்தாந்தம் போனது. நல்லதுதான். போன பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது.

பரங்கிமலையில் எம்.ஜி.ஆர்., ரகுபதி இருவரின் ஓட்டையும் கூட்டிப் பாருங்கள். 1967-ல் 80,538. 1971-ல் 1,06,178. நாலே வருடத்தில் 25,640 கூடியிருக்கிறது. பத்து பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் பதின்மூன்று பேர். நங்கநல்லூர், ஆதம்பாக்கம், பழவந்தாங்கல் என்று ரயில் பாதையை ஒட்டி மனை மனையாக விற்றுக் குடியேறிய காலம் அது. ஒரு புறநகர் முளைத்து எழுவதைத் தேர்தல் கணக்கிலேயே பார்க்க முடிகிறது. கூடிய ஓட்டில் எம்.ஜி.ஆருக்குப் போனது 11,299. ரகுபதிக்கு 14,341. புதிதாக வந்தவர்களில் பாதிக்கு மேல் எம்.ஜி.ஆருக்குப் போடவில்லை என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். பழைய ஆட்களிலும் சிலர் கட்சி மாறியிருக்கலாம், ஓட்டுச் சீட்டில் குடியேறிய தேதி எழுதுவதில்லை.

இதற்குச் சாட்சி நங்கநல்லூரில் என் மாமா. 1969-ல் மயிலாப்பூரில் வாடகை வீட்டை விட்டு இங்கே மனை வாங்கி வந்தவர். மழை வந்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்த தலைமுறை.

"மாமா, எழுபத்தொண்ணுல யாருக்குப் போட்டீங்க?"

"ஏண்டா, இன்கம் டாக்ஸ்ல சேந்துட்டியா?"

"சும்மா சொல்லுங்க மாமா."

"அறுபத்தேழுல ராஜாஜி சொன்னார், சூரியனுக்குப் போட்டோம். எழுபத்தொண்ணுலயும் ராஜாஜி சொன்னார், போட்டோம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டதை மாமா ஒரே மூச்சில் முடித்துவிட்டார். 1967-ல் ராஜாஜியின் சுதந்திரா கட்சி தி.மு.க. பக்கம். 1971-ல் அதே ராஜாஜி, வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்ற காமராஜரோடு கைகோத்தார். ரகுபதி நின்றது காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸில். இந்திரா காங்கிரஸோ சட்டமன்றத்துக்கு ஓரிடம்கூடக் கேட்காமல் தி.மு.க.வுக்கு ஆதரவு. ஆக, மாமா மாதிரி ஆட்கள் ஓட்டைச் சுமந்துகொண்டு மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூர் வந்தார்கள். வந்த இடத்தில் ராஜாஜி திரும்பிய பக்கம் திரும்பினார்கள். கழுத்துக் கட்டுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டத் தராசு இல்லை. எனக்கென்னவோ மாமாவின் பதிலே கனமாகப் படுகிறது.

பரங்கிமலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு, அதிகம் பேர் சொல்வதில்லை. 1972 அக்டோபர் 17-ல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது அவர் இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. அப்போது அந்தத் தொல்லை கிடையாது. சூரியனுக்கு முத்திரை குத்திய 65,405 பேருக்கும், மறுபடி யாரும் வந்து கேட்காமலே, புதுக் கட்சி எம்.எல்.ஏ. கிடைத்தார். அந்தக் கட்சி முதலில் ஓட்டுக் கேட்டு ஜெயித்தது திண்டுக்கல்லில், 1973 மே மாதத்தில். 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைக்குப் போனார், அப்புறம் மதுரை மேற்கு, அப்புறம் ஆண்டிபட்டி. ராமாவரம் தோட்டத்திலேயே கடைசிவரை வசித்தவர் வீட்டுப் பக்கத்துத் தொகுதியில் மறுபடி நிற்கவே இல்லை.

ஆலந்தூர் ஆன பிறகு நடந்ததை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், இடமில்லை. 2001-ல் அ.தி.மு.க.வின் பா.வளர்மதி. 2006-ல் தி.மு.க.வின் தா.மோ.அன்பரசன். 2011-ல் தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரன், எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்த அதே பண்ருட்டியார். அவர் பதவியை விட்டதால் 2014-ல் இடைத்தேர்தல், வி.என்.பி.வெங்கட்ராமன் வென்று அ.தி.மு.க. பிடித்தது. 2016-ல் பண்ருட்டியார் அ.தி.மு.க. வேட்பாளராகத் திரும்பி வந்து அன்பரசனிடம் தோற்றார். 2021-ல் வளர்மதி திரும்பி வந்தார், அவரும் அன்பரசனிடம் தோற்றார். வீட்டைக் காலி செய்து போனவர்கள் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்பதுபோல ஆலந்தூரில் முன்னாள்கள் வந்து நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர் கதவைத் திறப்பதில்லை.

தொகுதி என்றாலே எல்லைக்கோடுதானே, இந்த இடத்தில் நில அளவையாளர் லாம்டனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இந்திய நிலத்தை அளக்க 1802 ஏப்ரல் 10 அன்று முதல் அடிக்கோட்டை அவர் தொடங்கியது பரங்கிமலையிலிருந்துதான். எஃகுச் சங்கிலியைப் போட்டுப் போட்டு ஏழரை மைல். தொகுதிக் கோட்டை 1977-க்கு முன் ஒரு முறையும் 2011-க்கு முன் ஒரு முறையும் மாற்றி வரைந்தவர்கள் இந்த மலையைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். ஒருவராவது அவரை நினைத்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் மறுபடி கூப்பிட்டுவிட்டார்.

சாக்கடை அடுத்த வாரம். சத்தியமாக. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டி, ஆலந்தூர் நகராட்சி மக்கள் தங்கள் காசிலும் பாதாளச் சாக்கடை போட்டுக்கொண்ட கதை அது. அப்போது நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி. ஓட்டுக் கேட்டு வருகிறவர் கையால் பணம் வாங்கிப் பழகிய தமிழ்நாட்டில், ஓட்டுப் போட்டவர்கள் பணம் கொடுத்த அதிசயம். மாமாவும் கட்டினார். ரசீது எங்கேயோ பரணில் இருக்கிறதாம். தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

(தொடரும்)