இருட்டறையில் மின்னல்

1870-ம் வருஷம் நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் ஜேக்கப் ரீஸ் என்னும் வாலிபரும் ஒருவர். வயது 21. டென்மார்க் தேசத்தில் ரீபே என்ற சிற்றூர்க்காரர். கற்ற தொழில் தச்சு வேலை. அமெரிக்காவில் பொன் விளைகிறதென்று நம்பிக் கப்பலேறிய எத்தனையோ பேரைப் போலவே அவரையும் முதலில் வரவேற்றது பசிதான்.

ஒரு மழை இரவில் ஒதுங்க இடமின்றி, போலீஸ் ஸ்டேஷனில் ஏழைகளுக்கென்றிருந்த படுக்கையறையில் தங்கினார். விடிவதற்குள் கழுத்திலிருந்த தங்கப் பதக்கம் களவு போயிற்று. முறையிட்டவரை வெளியே தள்ளினார்கள். அவரைப் பின்தொடர்ந்து வந்து வாசலில் காத்திருந்த தெருநாய் தள்ளியவன் காலைக் கவ்வியது. அவன் அதைத் தூக்கிக் கற்படியில் அறைந்து கொன்றான். அந்த இரவை ரீஸ் கடைசிவரை மறக்கவில்லை.

1877-ல் அவர் டிரிப்யூன் பத்திரிகையின் போலீஸ் நிருபரானார். மல்பரி தெருவைச் சுற்றியிருந்த அடுக்கு வீடுகளில் ஐரிஷ்காரர், இத்தாலியர், யூதர் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு வசித்தனர். ஜன்னலே இல்லாத உள்ளறைகளில் குடும்பம் நடந்தது. அங்கேயே குழந்தைகளும் உட்கார்ந்து கூலிக்குத் துணி தைத்தார்கள். ரீஸ் எழுதினார், மேலும் எழுதினார். வாசித்தவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் காப்பி அருந்தப் போனார்கள்!

1887-ல் ஜெர்மனியில் மகனீசியப் பொடியின் வெளிச்சத்தில் இருட்டிலும் படம் பிடிக்கிறார்கள் என்ற செய்தி அவர் கண்ணில் பட்டது. வகுப்பில் நாம் மகனீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டினால் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். ரீஸ் அந்தப் பொடியை வாணலியில் கொட்டிக் கொளுத்தினார். குருடர்கள் குடியிருந்த ஓர் அறையில் சுவர்க் காகிதமே தீப்பற்றிக்கொள்ள, தனியாளாகப் போராடி அணைத்தார். பிறகு ஒரு போலீஸ்காரரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்த வீடு எரியாது, சுவரில் அவ்வளவு அழுக்கு, அதுவே நெருப்பை அணைத்துவிடும் என்றாராம்.

1890-ல் படங்களோடு ரீஸின் புத்தகம் வெளிவந்தது. அதைப் படித்து அவரைத் தேடி வந்தவர் தியோடோர் ரூஸ்வெல்ட், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானவர். 1895-ல் அவர் நியூயார்க் போலீஸ் கமிஷனர்களின் தலைவரானதும் இருவரும் நள்ளிரவில் நகரைச் சுற்றினர். 1896-ல் போலீஸ் படுக்கையறைகள் மூடப்பட்டன. நாயின் கதையைக் கேட்டு ரூஸ்வெல்ட் கொதித்துப்போனார் என்று ரீஸ் தம் சுயசரிதையில் எழுதுகிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களை அவர்கள் அனுமதியின்றியே படமெடுத்தவர் ரீஸ். இத்தாலியரையும் யூதரையும் பற்றி ஏளனமாக எழுதினார். சீனரைப் பற்றிய பக்கங்களைப் படிக்கவே கூசுகிறது. சீனத் தொழிலாளர் வருவதை 1882-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்ட தேசம் அது. வந்துவிட்ட சீனர் தம் மனைவியரை அழைத்துக்கொள்ள வழிவிட வேண்டும் என்றும் அவர் அதே அத்தியாயத்தில் சொல்கிறார் என்பது வாஸ்தவமே. ஆயினும், தாமும் கப்பலில் வந்தவர்தாமே!

அவர் ஓயாமல் எதிர்த்துப் போராடிய 'மல்பரி வளைவு' என்ற சேரி இடிக்கப்பட்டு, 1897-ல் அவ்விடத்தில் பூங்கா திறக்கப்பட்டது. விழாவுக்கு ரீஸுக்கு அழைப்பில்லை. கூட்டத்தில் ஒருவராகப் போய் நின்றார். அதற்குச் சில நாள் முன்பு புல்லை ஆசையோடு மிதித்துப் பார்த்தபோது, ஒரு போலீஸ்காரர் பிரம்பால் ஓர் அடி கொடுத்து அவரை விரட்டியிருந்தார்.