வாசல் திறந்தால் போதுமா? – அயல்நாட்டில் பயிலச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு

பாப்பாரப்பட்டி என்றதும் தமிழர் நினைவுக்கு முதலில் வருபவர் தியாகி சுப்பிரமணிய சிவா ஆவார். சிறைவாழ்வில் அவரைப் பற்றிய தொழுநோயைக் காரணமாகக் காட்டி, அவர் இரயிலில் ஏறலாகாது என்று ஆங்கில அரசு தடை செய்தது. நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று நாட்டு விடுதலையைப் பேசிய அப்பெருமகன், 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இவ்வூரிலேயே கண்மூடினார். ஒரு மனிதன் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்பதை அரசாங்கத்தின் ஒரு தாள் முடிவு செய்யும் என்பதை இம்மண் அன்றே கண்டிருக்கின்றது.

இன்று இதே பாப்பாரப்பட்டியிலும், பென்னாகரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வேறொரு தாளைப் பற்றிய பேச்சு வீடுகளில் நடைபெறுகின்றது. கேழ்வரகும் சாமையும் விளைந்த மேட்டு நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பொறியியல் பட்டம் பெற்ற பிள்ளைகள் தோன்றியுள்ளனர். ஜெர்மனிக்குச் சென்று மேற்படிப்புப் படிக்கவேண்டும் என்று பிள்ளை கேட்கின்றான். “விசா கிடைக்குமா?” என்று தந்தை கேட்கின்றார். “எவ்வளவு செலவாகும்?” என்று தாய் கேட்கின்றாள். இக்கேள்விகள் நியாயமானவையே. ஆயின் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்கும் பெற்றோர் சிலரே. “போய்ச் சேர்ந்த பின் அங்கே தங்கியிருக்கும் உரிமையைப் பெறுவது எவ்வாறு?” என்பதே அது. இக்கட்டுரை அக்கேள்வியைக் கருதி எழுதப்படுகின்றது.

முன்னாளில் இத்தொல்லை இல்லை

கணித மேதை இராமானுசன் 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். இன்றைய மாணவன் பெறவேண்டிய விசாவுக்காக அவர் எந்த அலுவலகத்தின் வாயிலிலும் நிற்கவில்லை. முதல் உலகப்போர் மூண்ட பின்னரே கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் நாடுகளெங்கும் கட்டாயமாயின. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இராமானுசன் கப்பலேறும் முன்பே அவருடைய உணவுக்கும் உறையுளுக்கும் வழி செய்யப்பட்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையாக வழங்கியது. அழைப்பு இருந்தது, ஆதரவும் இருந்தது. இன்று தூதரகம் மாணவனிடம் தேடுவன இவ்விரண்டே: உன்னை அழைத்தவர் யார்? அங்கே உன்னைத் தாங்குவது எது?

இரண்டு வாசல்கள்

விசா என்பது ஒரு நாட்டின் எல்லையைக் கடந்து உள்ளே செல்வதற்கான இசைவு. தங்கும் அனுமதி என்பது அந்நாட்டில் இத்தனை காலம், இன்ன நோக்கத்துக்காக வாழலாம் என்னும் உரிமை. பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுகின்றனர். அமெரிக்காவில் விசா என்பது எல்லையில் நுழைவதற்கான முத்திரை மட்டுமே. மாணவன் அங்கே தங்கியிருக்கும் உரிமை, அவன் தன் பல்கலைக்கழகப் பதிவை ஒழுங்காகக் காத்து வருவதையே பொறுத்தது. ஜெர்மனியில் விசா பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கே தரப்படுகின்றது. அது முடிவதற்குள், தான் குடியிருக்கும் நகரத்தின் அயலார் அலுவலகத்தில் மாணவன் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

ஜெர்மனியை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 2023–24 குளிர்காலப் பருவத்தில் அங்கே ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர் பயின்றனர். அயல்நாட்டு மாணவருள் இந்தியரே முதலிடம் பெற்றனர். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதே நடுத்தரக் குடும்பங்களை அந்நாட்டின்பால் ஈர்க்கின்றது. ஆயினும் ‘எல்லாம் இலவசம்’ என்று முகவர் கூறுவதை அப்படியே நம்பிவிடலாகாது. பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகின்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. கட்டணம் இல்லாத இடத்திலும் வாழ்க்கைச் செலவு உண்டு.

முதல் வாசல்: விசா

முதற்படி கடவுச்சீட்டு. இதில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஓர் இடர் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே உண்டு. பள்ளிச் சான்றிதழில் அம்முதலெழுத்து முன்னே நிற்கும். கடவுச்சீட்டில் அது விரிந்து பின்னே நிற்கும். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயர், பிறப்புச் சான்றிதழில் வீட்டில் அழைக்கும் பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இரண்டும் சேர்ந்த பெயர் என்று ஒரே பிள்ளை மூவராகத் தோன்றுவதும் உண்டு. ‘ஆரோக்கியசாமி’ என்னும் ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதிவிடுகின்றோம்! நம் ஊரில் இவை எவர்க்கும் தடையல்ல. அயல்நாட்டு அலுவலர்க்கோ இவை மூன்று வேறு மனிதர்கள். ஆகவே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாத் தாள்களிலும் பெயரும் பிறந்த நாளும் ஒன்றாக உள்ளனவா எனப் பார்த்து, வேறுபாடு இருப்பின் உரிய அலுவலகத்தில் திருத்தம் பெறுதல் நன்று. புறப்படும் மாதத்தில் இதைச் செய்யப் புகுந்தால் காலம் போதாது.

அடுத்து, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம். இதனுடன் இந்திய மாணவருள் பெரும்பாலோர் ‘ஏ.பி.எஸ்.’ எனப்படும் சான்றிதழையும் பெறவேண்டும் என்பது 2022 நவம்பர் முதல் விதியாயிற்று. புதுதில்லியிலுள்ள அவ்வலுவலகம், மாணவனின் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் மெய்யானவையா என ஆராய்ந்து சான்று அளிக்கின்றது. இதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். போலிச் சான்றிதழ்கள் மலிந்தமையாலேயே இவ்விதி வந்தது. சிலர் செய்த பொய்க்கு நேர்மையான மாணவரும் விலை கொடுக்கின்றனர்.

மூன்றாவது, பணம். 2024 செப்டம்பர் முதல், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக 11,904 யூரோவை ஒரு தனிக் கணக்கில் செலுத்திக் காட்டவேண்டும் என்று ஜெர்மனி வகுத்துள்ளது. நம் நாணயத்தில் இது பன்னிரண்டு இலட்சம் ரூபாய் அளவினது. இக்கணக்கு பூட்டப்பட்டது, ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்று மாணவர் கூறுவது இதையே. மாணவன் அங்கே சென்ற பின் மாதந்தோறும் 992 யூரோ மட்டுமே இதிலிருந்து எடுக்கலாம். உதவித்தொகை பெற்றோர்க்கும், அங்கே வாழும் ஒருவர் சட்டப்படி பொறுப்பேற்கும் மாணவர்க்கும் இதற்கு மாற்று வழிகள் உண்டு.

இங்கேதான் குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. ‘பணம் உங்களிடம் இல்லாவிடினும் கவலை வேண்டா, நாங்கள் சில வாரங்களுக்குக் கணக்கில் போட்டுக் காட்டுகின்றோம், வட்டி மட்டும் கொடுங்கள்’ என்று கூறும் தரகர் உண்டு. அன்புப் பெற்றோரே, சற்றே எண்ணிப் பாருங்கள். அப்பணம் தூதரகத்தின் கண்ணுக்காகக் கேட்கப்படுவதன்று. உங்கள் பிள்ளையின் வயிற்றுக்காகக் கேட்கப்படுவது. காட்டிய பணம் திரும்பப் பெறப்பட்டால், குளிர்நாட்டில் வாடகைக்கும் ரொட்டிக்கும் அவன் யாரிடம் கையேந்துவான்? படிப்பை விட்டு இரவு பகலாக வேலை செய்வான், படிப்புக் கெடும், படிப்புக் கெட்டால் தங்கும் அனுமதியும் கெடும்.

கடன் பெறுவதாயின் வங்கியை நாடுதலே முறை. பெருந்தொகைக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பது வழக்கம். நிலத்தைப் பிணையாக வைப்பதற்கு முன், தவணை எப்போது தொடங்கும், பிள்ளைக்கு உடனே வேலை கிட்டாவிடின் யார் செலுத்துவது என்பதைக் குடும்பம் கூடிப் பேசுதல் வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டத்தில், கிறித்தவ மதம் தழுவிய ஆதிதிராவிட மாணவரும் இடம் பெறுகின்றனர். இதை அறியாமலே கந்துவட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருத்தல் ஆகாது.

விண்ணப்பத் தாள்களைப் பெற்றுக்கொள்ளும் பணியைத் தனியார் நிறுவனங்கள் செய்கின்றன. முடிவு செய்வது தூதரகமே. ஆகவே ‘உள்ளே ஆள் இருக்கின்றது’ என்று கூறுபவனை நம்பாதீர்கள். விசா மறுக்கப்பட்டால், முன்னாளில் ஜெர்மன் தூதரகத்துக்கே முறையீட்டுக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை முதல் அவ்வழி நிறுத்தப்பட்டது. இனிப் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். அல்லது பெர்லினில் வழக்குத் தொடுக்கவேண்டும். எனவே முதல் விண்ணப்பமே பழுதற்றதாக இருத்தல் வேண்டும். எதற்காக இப்படிப்பு என்று மாணவன் எழுதும் கடிதத்தை அவனே எழுதட்டும். தரகர் ஒருவர் நூறு பேருக்கு எழுதித் தரும் ஒரே கடிதம், நேர்காணலில் இரண்டு கேள்விகளுக்குக்கூட நில்லாது.

இரண்டாம் வாசல்: தங்கும் அனுமதி

விமானம் இறங்கியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் ஒப்பக் கடிதம் தேவை. பெருநகரங்களில் வீடு கிடைப்பதே அரிது. மாணவர் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலேயே விண்ணப்பிப்பது அறிவுடைமை. நண்பன் அறையில் ஒண்டிக்கொள்ளலாம் என்று புறப்படும் பிள்ளை, முகவரி இன்றி அடுத்த படிகளில் தடுமாறுவான்.

அதன் பின் நலக் காப்பீடு, பல்கலைக்கழகப் பதிவு. இவை முடிந்ததும் அயலார் அலுவலகத்தில் விண்ணப்பம். அவ்வலுவலகங்களில் கூட்டம் மிகுதி. நாள் கிடைக்கவே வாரங்கள் ஆகலாம். ஆனால் சட்டம் ஒரு சலுகை தருகின்றது. விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பித்தவனுக்கு, முடிவு வரும்வரை அங்கே தங்கலாம் என்று இடைக்காலச் சான்று வழங்கப்படும். முடிந்த பின் சென்று நிற்பவனுக்கு இச்சலுகை தானாகக் கிடைப்பதில்லை. ஒரு நாள் தாமதம் ஓராண்டுப் படிப்பைக் கெடுக்கக்கூடும்.

அனுமதி கிட்டிய பின்னும் நிபந்தனைகள் உண்டு. 2024 மார்ச் முதல் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்கள், அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். அதற்கு மேல் செய்வதற்குத் தனி இசைவு தேவை. அனுமதியைப் புதுப்பிக்கும்போது படிப்பு முன்னேறுகின்றதா என்றும் பார்ப்பர். பட்டம் முடித்தவர்க்கு வேலை தேடுவதற்காகப் பதினெட்டு மாதம் வரை தங்கும் அனுமதி உண்டு. நேர்வழி செல்வோர்க்கு அந்நாட்டுச் சட்டம் இரக்கமுடையதாகவே இருக்கின்றது.

பொய் எப்போது பிடிபடும்?

‘எப்படியாவது உள்ளே போய்விட்டால் போதும்’ என்போர் உளர். அவர்கள் இரு நிகழ்ச்சிகளை அறிதல் நலம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ‘பார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என ஒன்று இயங்கியது. அங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பெயருக்குச் சேர்ந்துகொண்டு வேலை செய்து வந்தவர்களைக் கண்டறிய அந்நாட்டு அரசே அமைத்த பொறி அது. 2019 சனவரியில் பொறி மூடப்பட்டபோது, முதலில் பிடிபட்ட 130 மாணவருள் 129 பேர் இந்தியர்.

கனடாவில் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. பஞ்சாபில் ஒரு முகவர் தந்த சேர்க்கைக் கடிதங்களைக் கொண்டு பல மாணவர் விசா பெற்றனர், படித்தனர், வேலையும் தேடிக்கொண்டனர். ஆண்டுகள் கழித்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டபோதுதான் அக்கடிதங்கள் போலி என வெளிப்பட்டது. 2023இல் அவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்து வீதியில் போராடினர். ஏமாற்றப்பட்டவர்களைத் தனியே ஆராய்ந்து காப்பதாக அரசு பின்னர் அறிவித்தது. அம்முகவர் 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். முதல் வாசலில் தப்பிய பொய், இரண்டாம் வாசலில் பிடிபட்டது. அதற்குள் அப்பிள்ளைகளின் இளமையும் பெற்றோரின் நிலமும் செலவாகிவிட்டன.

பெற்றோர் செய்யத்தக்கவை

முகவரே கூடாது என்று யாம் கூறவில்லை. விண்ணப்பம் நிரப்ப உதவி பெறுவதில் தவறில்லை. ஆனால் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். சேர்க்கைக் கடிதம் வந்ததும், பிள்ளையே பல்கலைக்கழகத்துக்கு நேரே எழுதி அது மெய்யா எனக் கேட்கட்டும். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்க வேண்டா. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரசீது கேளுங்கள். இரசீது தர மறுப்பவரிடம் பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைக்கலாமா?

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் நான்கு நாள்களைத் தெரிந்து வைத்திருக்க முடியும்: கடவுச்சீட்டு முடியும் நாள், விசா முடியும் நாள், காப்பீடு முடியும் நாள், தங்கும் அனுமதி முடியும் நாள். இவற்றைப் பிள்ளை புறப்படும் முன்பும், அனுமதி கிட்டிய பின்பும் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். தொலைபேசியில் பேசும்போது, “சாப்பிட்டாயா?” என்று கேட்பதோடு, “விண்ணப்பித்துவிட்டாயா?” என்றும் கேளுங்கள்.