அதிகாரம் சரி, காரணம் எங்கே?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே திரும்பி ஆரோவில் போகிறவர்கள் குயிலாப்பாளையத்தைக் கடந்துதான் போகிறார்கள். ஆரோவிலில் தோட்டவேலை, கொத்துவேலை, சமையல் பார்ப்பவர்களில் சுற்றுக் கிராமத்தார் ஏராளம். 2021 டிசம்பரில் 'கிரவுன்' வட்டச்சாலைக்காக ஜேசிபிகள் மரங்களைச் சாய்த்ததும் வழக்கு கிளம்பியது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கச் சொல்லி 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2025 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆரோவில் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்கே அதிகாரம், குடியிருப்போர் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்புதான் என்று இன்னொரு வழக்கில் தெளிவாக்கியது. அதிகாரம் யாருக்கு என்பது தீர்ந்தது. அதை எப்படிச் செலுத்துவது என்பது தீரவில்லை.

1988-ஆம் ஆண்டு ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின் 17-வது பிரிவு, நகரின் பெருந்திட்டத்தைப் பேரவையைக் 'கலந்து' தயாரிக்கச் சொல்கிறது. கலந்தாலோசனை என்றால் முழு விவரத்தையும் முன்வைத்துப் பேசுவது என்று, நீதிபதி இடமாற்றம் பற்றிய சங்கல்சந்த் சேத் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேரவைக்காவது அந்த ஒரு சொல் இருக்கிறது. குடியிருப்போர் பதிவேட்டில் பெயரில்லாத குயிலாப்பாளையத்தாருக்கு அதுவும் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால், 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற ஒற்றை வரியோடு பல மனுக்களின் கதை முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவர்கள் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. மனு எண்ணைத் தேதி போட்டுக் கொடுக்கத் தெரிந்த அலுவலகங்களுக்கு இந்தப் பிரிவு மட்டும் ஏனோ கண்ணில் படுவதில்லை.

ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு சாலையும் வராது என்பார்கள். 50,000 பேருக்கென்று 1968-ல் தொடங்கிய நகரில் இன்றும் சில ஆயிரம் பேர்தான் என்பதால், அந்த அவசரத்தில் நியாயம் உண்டு. பெருந்திட்டம் இறுதியானது என்று நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. ஆனால் கேட்பது வேறு, கேட்டபடி செய்வது வேறு. எதிர்ப்பைக் கேட்டபின் 'முடியாது' என்று எழுத அதிகாரிக்கு முழு உரிமை உண்டு. ஏன் முடியாது என்பதையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சில வாரம் ஆகலாம். ஜேசிபி வந்தபின் நீதிமன்றத்தில் வெல்ல மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்றே! தவிர, திட்ட வரைபடத்தில் இருப்பது ஒரு கோடு. அது எந்த மரத்தை எடுக்கும், எந்த வண்டிப்பாதையை அடைக்கும் என்பது களத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்கப்படும் தனி முடிவு. அந்த முடிவைக் காரணத்தோடு, தமிழில், வேலை தொடங்குமுன் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட எந்தத் தீர்ப்பும் தடை போடவில்லை.