ஒரு முஷ்டி தள்ளினால் ஜெர்மனி

பிரிட்டனில் கேம்பர் வேனில் ஊர் சுற்றுகிறவர்கள் சாயங்காலம் முகாம் மைதானத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள். மழை வருமா என்று அல்ல. அது எப்படியும் வரும். தென்கிழக்கே மரம் ஏதும் மறைக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மறைத்தால் அன்றைக்கு டிவி இல்லை.

விடுமுறைக்குப் போன இடத்தில் டிவி எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஸ்காட்லாந்தில் மூன்று நாள் விடாமல் பெய்யும் மழையில், இரண்டு மீட்டர் அகல வேனுக்குள், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

தென்கிழக்கு ஏன்? பிரிட்டனுக்கான சேனல்களைப் பொழியும் ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 28.2 டிகிரியில் நிற்கின்றன. பூமி சுற்றும் வேகத்திலேயே அவையும் சுற்றுவதால், தரையிலிருந்து பார்த்தால் ஆணி அடித்தாற்போல் ஒரே இடம். அந்த உயரத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர், பின்னாளில் கொழும்பில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்.

மரம் மறைக்கும் கவலை நம் ஊர் டிஷ்ஷுக்குக் குறைவு. கிழக்கு 83 டிகிரியில் இருக்கும் டிடிஎச் செயற்கைக்கோள், சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 74 டிகிரியில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருக்கிறது. லண்டனிலிருந்து ஆஸ்ட்ரா தெரிவது வெறும் 25 டிகிரியில். வடகோடி ஷெட்லாந்து தீவுகளில் 17தான். 10 மீட்டர் உயர மரம் ஒன்று எதிரே நின்றால், லண்டன் பக்கம் அதிலிருந்து 21 மீட்டராவது விலகி டிஷ்ஷை வைக்க வேண்டும். ஷெட்லாந்தில் 33 மீட்டர்.

இலை கூட ஆகாது. இந்த அலைகளின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். இலையிலுள்ள நீர் அவற்றை உறிஞ்சிவிடும். மார்ச்சில் மொட்டைக் கிளைகளின் ஊடே அருமையாகப் படம் வந்த இடத்தில், மே மாதம் துளிர்த்த பிறகு ஒன்றும் வராது. வெயிலுக்கு வேன் நிழலில் நிற்க வேண்டும், டிஷ்ஷுக்கு வெட்டவெளி வேண்டும். அதனால்தான் பலர் டிஷ்ஷைக் கூரையில் பொருத்தாமல் முக்காலியில் நிறுத்தி, நீளமான கேபிளோடு தள்ளி வைக்கிறார்கள். காற்று சாய்த்துவிடாமல் முக்காலியின் நடுவில் தண்ணீர்ப் பை ஒன்று தொங்கும்.

இனி குறி பார்க்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் வழுக்குவது இங்கேதான். டிஷ் பார்ப்பதற்குச் செங்குத்தாக நிற்பதுபோல் இருக்கும், ஆனால் அது பார்ப்பது 25 டிகிரி மேலே. டிஷ்ஷின் முன்னே நீட்டி நிற்கும், எல்என்பி எனப்படும் மூக்கு, வரும் அலையை மறைக்காமல் கீழே ஒதுங்கி இருக்கும்படி கிண்ணத்தை வடிவமைத்திருப்பதுதான் காரணம். தெரியாதவர்கள் டிஷ்ஷை மல்லாத்தி வைத்துவிட்டு, வெறும் வானத்தைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அதன் அகலம் வானில் சுமார் 10 டிகிரி. பிரிட்டன் செயற்கைக்கோளிலிருந்து மேற்கே அந்த ஒரு முஷ்டி தள்ளினால், 19.2 டிகிரியில் இன்னொரு ஆஸ்ட்ரா கூட்டம். அதில் பெரும்பாலும் ஜெர்மன் சேனல்கள். சிக்னல் மீட்டர் உற்சாகமாகக் கத்தும், அதன் முள் நிமிரும், வேனுக்குள்ளிருந்து "ஜெர்மன்காரர் பேசுகிறார்!" என்று மனைவியின் குரல் வரும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் 3 டிகிரி அளவுதான். ஆகவே துளித்துளியாகத் திருப்ப வேண்டும்.

டிஷ் பிடித்துத் தரும் ஆற்றல் ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். எல்என்பி அதைப் பெருக்கி, கேபிள் தாங்கக்கூடிய குறைந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி அனுப்புகிறது. அதற்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. 13 வோல்ட் போனால் செங்குத்து அலையை எடு, 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலையை எடு என்று பொருள். கம்பியில் தனியாக ஒரு கட்டளை அனுப்பாமல் வோல்ட்டையே கட்டளையாக்கிய இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்த ஒன்று.

பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி விழும், நிழல் ஆடும்; ஆன்டெனாவைத் திருப்பினால் "ஆ, வருது, வருது, போச்சு" என்று மொட்டை மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே தகவல் பறக்கும். டிஜிட்டல் அப்படித் துப்பு கொடுக்காது. பிழைதிருத்தக் கணக்கு சமாளிக்கும் எல்லை வரை படம் பளிங்குபோல் இருக்கும்; எல்லை தாண்டியதும் இருட்டு. தவிர, செட்டாப் பாக்ஸ் சிக்னலைப் பிடித்துப் படமாக்கவே சில விநாடி ஆகும். டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பு, காத்திரு, மறுபடி கொஞ்சம் திருப்பு. அவசரக்காரர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவது இதனால்தான்.

டிஷ்ஷுக்கு இடம் தேடுவதில் சூரியன் ஓர் உதவி செய்கிறது. மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் இரண்டாம் வாரத்திலும் முற்பகல் நேரத்தில் அது சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சலில் சில நிமிடம் படம் போய்விடும். ஆனால் அப்போது எங்கெல்லாம் வெயில் படுகிறதோ, அங்கெல்லாம் சிக்னலும் விழும்.

வேனின் பேட்டரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில், நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வகையானால், பாதியைத்தான் தீர்க்கலாம். அதுவே 600 வாட்-அவர். 12 வோல்ட் டிவியும் பாக்ஸும் சேர்ந்து 40 வாட் தின்றால் 15 மணி நேரம் ஓடும்.

குளிருக்குப் பயந்து தெற்கே ஓடும்போதுதான் உண்மையான சிக்கல். 2014 பிப்ரவரியில் பிபிசி சேனல்கள் புதிய ஆஸ்ட்ரா 2இ செயற்கைக்கோளுக்கு மாறின. அதன் கதிர் பிரிட்டன் மேல் மட்டும் குறுகலாக விழும்படி வடிவமைக்கப்பட்டது. ஒளிபரப்பு உரிமை நாட்டு எல்லையோடு நிற்க வேண்டுமே. பிரான்ஸின் வடக்கில் வேன் டிஷ் சமாளிக்கிறது. ஸ்பெயினின் தெற்கில் செயற்கைக்கோள் இன்னும் உயரத்தில், மரமும் மறைக்காமல் தெளிவாக நிற்கிறது. கதிர்தான் அங்கே எட்டுவதில்லை. 1.8 மீட்டர் டிஷ் கூடப் பற்றாத இடங்கள் அங்கு உண்டு. அதாவது 60 சென்டிமீட்டர் டிஷ்ஷைப்போல ஒன்பது மடங்கு பரப்பு. வேனின் அகலமே இரண்டு மீட்டர்தான்.